ஹவுசிங்குக்குள் இருப்பது எல்.எஸ்.டி.யா? ஆயில் ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை

தம்பி, உங்கள் கேள்வி இது. நாகலூர் பக்கம் காபித் தோட்டத்து வேலைக்காகப் பழைய ஃபோர் பை ஃபோர் சஃபாரி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பின் ஆக்ஸிலில் எல்.எஸ்.டி., அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைத் தடுக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், இருப்பதாக விற்றவர் சொன்னார். சேலத்தில் ஹவுசிங் (டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஆக்ஸில் கூடு) ஆயில் மாற்றிய நாளிலிருந்து, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பின்பக்கம் கடகடவென்று அதிர்கிறது. நேர் ரோட்டில் சத்தமே இல்லை. '140 ஆயில் ஊத்தினா அடங்கிடும்' என்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் விற்றவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. உள்ளே ஊற்றியிருப்பது சாதாரண 90 ஆயில். (90, 140 என்பவை கியர் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்கள்.) ஆனால் நான் வண்டியைப் பார்க்காமல் சொல்கிறேன். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஆயில் பேச்சு அப்புறம். சேலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆக்ஸில் வேலை பார்த்தவன் நான். ஓடித் தேய்ந்து வரும் கிரவுன்-பினியனை (ஆக்ஸிலைச் சுற்றவைக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) கழற்றும்போது வருத்தம் வராது. தப்பான ஆயிலால் கருகி வரும் எல்.எஸ்.டி. பிளேட்டுகளைக் கையில் எடுக்கும்போதுதான் மனசு கஷ்டப்படும். ஒரு டப்பா சரியான ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிமிட வேலை. ஃபோர் வீல் டிரைவ் நிஜமாகவே விலகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், சுற்று வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டபடி காய்ந்த தார் ரோட்டில் கொண்டை ஊசி திரும்பினால் வண்டி இறுகிப் பிடிக்கும், விட்டு விட்டு உதறும். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு எல்.எஸ்.டி. அதிர்வுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. தோட்டத்துச் சேற்றில் போட்டுவிட்டு எடுக்க மறப்பது உண்டு. சுவிட்சைத் திருப்பியும் உள்ளே விலகாமல் நிற்பதும் உண்டு. டூ வீலில் போட்டு, சில மீட்டர் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் இந்தப் பதிலின் மீதி உங்களுக்கு அவசரமில்லை.

போகவில்லை என்றால், வளைவில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பின்சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அரைவட்டமாகத் திரும்பும் ஒரு வளைவில், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். அதாவது ஒவ்வொரு வளைவிலும் ஒரு சக்கரம் மற்றதைவிட இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. அதற்கு இடம் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல்.

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். ஐப்பசி மழையில் செம்மண் ஏற்றத்தில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால், அதைச் சுற்ற வைக்க எவ்வளவு குறைந்த விசை போதுமோ, நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போகும். ஒரு சக்கரம் சேற்றை வாரி அடிக்கும், மற்றது சும்மா நிற்கும், வண்டி நகராது. இதைச் சமாளிக்கத்தான் எல்.எஸ்.டி. பிளேட் வகையில், பக்கத்துக்கு ஓர் அடுக்கு கிளட்ச் பிளேட்டுகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்று ஆக்ஸில் ஷாஃப்ட்டோடும், டிஃபரன்ஷியலின் வெளிக் கூண்டோடும் கோத்திருக்கும். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு சக்கரம் தனியாக ஓடப் பார்த்தால் அந்த உராய்வு தடுத்து, மற்றதற்கும் விசையைக் கடத்தும்.

இப்போது அந்த இரண்டு சுற்றை நினைத்துப் பாருங்கள். வளைவில் அந்த வித்தியாசம் முழுவதும் இந்தப் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் தீர வேண்டும். பள்ளிக்கூட பெஞ்சைத் தரையில் இழுத்திருப்பீர்கள். வழவழவென்று வராது, ஒட்டும், விடும், ஒட்டும், விடும், காலெல்லாம் அதிரும். நிற்கும்போது உள்ள பிடிப்பு நகரும்போது உள்ள பிடிப்பைவிட அதிகமாக இருந்தால் எதுவும் இப்படித்தான் நகரும். எல்.எஸ். (லிமிட்டெட் ஸ்லிப்) ஆயிலில் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்று ஒரு சேர்மானம் இருக்கும். பிளேட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஒட்டி ஒட்டி விடுவதைத் தடுத்து, பிளேட்டை ஒரே சீராக வழுக்க விடுவதுதான் அதன் வேலை. சாதாரண ஆயிலில் அது இல்லை. நீங்கள் கேட்கும் கடகட அதுதான். மெதுவாக, முழு ஸ்டியரிங் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் வருவதற்கும் நேர் ரோட்டில் வராததற்கும் காரணம் இதுவே. பேரிங்கோ கிரவுன்-பினியனோ போயிருந்தால் நேர் ரோட்டிலும் ஊளை கேட்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் அந்தச் சத்தம் மாறும்.

இனி கண்டுபிடிக்கும் வழி. மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் ஒரு வேரியண்டில் எல்.எஸ்.டி. இருக்கும், அடுத்ததில் இருக்காது. பழைய வண்டியில் ஆக்ஸிலையே மாற்றிப் போட்டிருக்கவும் கூடும். கீழே படுத்து, பனியன் வேஸ்ட்டால் ஹவுசிங்கை நன்றாகத் துடையுங்கள். ஆயில் பிளக் பக்கத்திலோ கவர் போல்ட்டிலோ சின்னத் தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும், எல்.எஸ்.டி. என்றோ, லிமிட்டெட் ஸ்லிப் ஆயில் மட்டும் என்றோ எழுதியிருக்கும். இருந்தால் கேள்வி முடிந்தது. இல்லாவிட்டால் எல்.எஸ்.டி. இல்லை என்று அர்த்தமாகாது. பதினைந்து வருடச் செம்மண்ணிலும் வாட்டர் வாஷிலும் ஸ்டிக்கர் தங்காது.

அடுத்தது சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஆக்ஸிலின் இரு புறமும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். டூ வீல், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அதே திசையில் சுற்றினால் எல்.எஸ்.டி. என்பார்கள். பாதிதான் சரி. நியூட்ரலில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் நீளத் தண்டு) சேர்ந்து சுற்ற முடியும் என்பதால், ஒரு பக்கம் பிரேக் ஷூ லேசாக உரசினாலே சாதாரண டிஃபரன்ஷியலும் குழப்பும். அதனால் இன்ஜின் ஆஃப் ஆக இருக்க, முதல் கியரைப் போட்டுவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் நகராது. சாதாரண டிஃபரன்ஷியலில் சக்கரம் லேசாகச் சுற்றும், எதிர்ப்பக்கம் தலைகீழாகச் சுற்றும். நல்ல நிலையில் உள்ள பிளேட் எல்.எஸ்.டி. என்றால் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாலும் அசையவே கஷ்டப்படும். அந்த இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்து அளக்கவும் வழி உண்டு. ஃபோர்டின் பழைய டிராக்‌ஷன்-லாக் ஆக்ஸிலுக்குக் குறைந்தது 27 நியூட்டன் மீட்டர் வர வேண்டும் என்பது கணக்கு. உங்கள் ஆக்ஸிலுக்கு அதன் சர்வீஸ் மேனுவல் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். எல்.எஸ்.டி. இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து இன்ஜினை ஓட விட்டுக் கியர் போடவே கூடாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்பதற்காக இடது சக்கரத்தை மட்டும் தூக்கி, ஒரு பையனை உட்கார வைத்து முதல் கியரில் விடச் சொன்னேன். சாதாரண ஆக்ஸில் என்றால் தூக்கிய சக்கரம் மட்டும் காற்றில் சுற்றியிருக்கும். இதில் தரையில் இருந்த வலது சக்கரம் பிடித்து இழுத்தது. ஜாக்கி சாய்ந்து, வண்டி எதிரே இருந்த ஒர்க் பெஞ்சில் போய் மோதி நின்றது. நான் அந்த நொடியில் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் குனிந்திருந்தேன். முன்னால் நின்றிருந்தால் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இரண்டு சக்கரத்தையும் தூக்காமல் நான் எந்த ஆக்ஸிலையும் ஓட விட்டதில்லை.

சுற்றிப் பார்த்தபோது சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரி நடந்துகொண்டால்? அங்கேதான் பலர் ஏமாறுவது. பிளேட் தேய்ந்துபோன எல்.எஸ்.டி. சாதாரணத்தைப் போலவே சுற்றும். கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் பல்சக்கரங்களின் உராய்வால் வேலை செய்யும் டார்சன் போன்ற கியர் வகை, சுமை இல்லாமல் கையால் சுற்றும்போது பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் சுற்றும். அது வேலை செய்ய இரண்டு பக்கமும் கொஞ்சமாவது பிடிப்பு வேண்டும். மகிந்திரா தார், பொலேரோ நியோ ஆகியவற்றின் சில வேரியண்டுகளில் வரும் ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியலும் கையில் சாதாரணமாகத்தான் தெரியும். அதில் ஒரு கவர்னர் எடை இருக்கிறது. குறைந்த வேகத்தில் இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால் எடை விரிந்து மாட்டிக்கொண்டு, இரண்டையும் முழுசாகப் பூட்டிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பூட்டாது. சேற்றில் ஒரு சக்கரம் கொஞ்சம் சுற்றி, 'டக்' என்று ஓர் அடி விழுந்து, வண்டி கிளம்பினால் அதுதான். அந்த அடியைப் பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

இன்னும் சிலவற்றில் எல்.எஸ்.டி. போல் வேலை செய்வது பிரேக். சுற்றும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிடித்து மற்றதற்கு விசையைத் தள்ளும். விற்பனைக்காரர்கள் இதையும் அதே மூச்சில் சொல்வார்கள். ஹவுசிங்குக்குள் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல், ஆயிலும் சாதாரணம்தான்.

சந்தேகம் தீராவிட்டால் திறந்து பார்ப்பதே வழி. பின் கவர் உள்ள ஆக்ஸில் என்றால் ஆயில் மாற்றும்போதே கவரைக் கழற்றிவிடலாம். கூண்டின் ஜன்னல் வழியே குறுக்குக் கம்பியும் சிறிய பல்சக்கரங்களும் மட்டும் தெரிந்து, பக்கவாட்டில் எதுவும் இல்லையென்றால் சாதாரணம். பக்கத்தில் அடுக்கிய தட்டுகளின் விளிம்பும் ஸ்பிரிங்கும் தெரிந்தால் பிளேட் வகை. ஜன்னலில் குறுக்குக் கம்பியே இல்லாமல் திருகாணி போலச் சாய்வாக வெட்டிய பல்சக்கரங்கள் தெரிந்தால் கியர் வகை. கவர் இல்லாமல் முன்பக்கமாகக் கழற்றும் ஆக்ஸிலில் இதற்காகவே பிரிக்க வேண்டாம். ஆயில் பிளக் துளையில் டார்ச் அடித்தோ, சின்ன கேமரா ஒயரை விட்டோ பார்த்தால் போதும்.

இப்போது ஆயில். 140 என்பதை முதலில் முடித்துவிடுவோம். கியர் ஆயில் எண்ணையும் இன்ஜின் ஆயில் எண்ணையும் ஒப்பிடக் கூடாது, அளவுகோலே வேறு. 90 கியர் ஆயில் கெட்டியில் ஏறக்குறைய 40, 50 இன்ஜின் ஆயில் மாதிரிதான். 100 டிகிரி சூட்டில் 90-ன் கெட்டித்தன்மை 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக், 140-க்கு 24-லிருந்து 32.5. நல்ல வித்தியாசம். தேய்ந்த பினியன் ஊளையிடும்போது 140 ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பது உண்மைதான். தேய்மானம் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் மறையும். உங்கள் பிரச்சினை கெட்டியில் இல்லை. எத்தனை கெட்டி ஆயிலாக இருந்தாலும் மாடிஃபையர் இல்லாவிட்டால் பிளேட் ஒட்டியும் விட்டும்தான் நகரும். மேனுவலே 140 கேட்டால் மட்டும் 140.

டப்பாவில் 80டபிள்யூ-90 என்பது போல எழுதியிருப்பதில், டபிள்யூவுக்கு முன்னால் வரும் 75, 80, 85 என்ற எண் எவ்வளவு குளிர்வரை ஆயில் ஓடும் என்பதைச் சொல்வது. 85டபிள்யூவுக்கான சோதனையே மைனஸ் 12 டிகிரியில் நடக்கிறது. ஏற்காட்டு மார்கழிக் குளிர் அதன் பக்கத்தில்கூட வராது. அதனால் நம் ஊரில் அந்த எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் வரும் 90-தான் நமக்கு முக்கியம்.

ஆக்ஸிலுக்கு ஜி.எல்-5 தரம் வேண்டும். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருளுவதோடு சேர்ந்து நிறைய வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகமாக உள்ள ஜி.எல்-5 தேவை. டப்பாவைத் திறந்ததும் வரும் அந்த நாற்றம் கந்தகத்துடையது. மீந்ததைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். கியர்பாக்ஸுக்கு மேனுவல் ஜி.எல்-4 கேட்டிருந்தால், உள்ளே கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஜி.எல்-5 ஒத்துவராது.

ஆக, பிளேட் எல்.எஸ்.டி. என்று உறுதியானால், 90 ஜி.எல்-5, அதோடு டப்பாவில் லிமிட்டெட் ஸ்லிப் அல்லது எல்.எஸ். என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் 'இதுவும் அதுதாங்க' என்றால் போதாது. சேலத்துக் கடைகளில் கிடைக்காவிட்டால் சொல்லி வைத்து வாங்குங்கள், இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை. மாடிஃபையரைத் தனிச் சின்ன பாட்டிலாகவும் விற்கிறார்கள். அமெரிக்க ஆக்ஸில்களுக்கு வருவது 118 மில்லி பாட்டில். ஏற்கெனவே ஊற்றிய நல்ல ஆயிலை வீணாக்க மனமில்லை என்றால் அதைச் சேர்க்கலாம். ஆனால் பாட்டிலில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். மாடிஃபையர் கூடிப்போனால் பிளேட் பிடிக்கவே பிடிக்காது, எல்.எஸ்.டி. இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். எல்.எஸ். ஆயிலிலேயே அது கலந்திருப்பதால் அதன்மேல் பாட்டிலையும் கொட்ட வேண்டாம்.

சாதாரண டிஃபரன்ஷியலில் எல்.எஸ். ஆயில் ஊற்றினால் கெடுதல் இல்லை, காசுதான் கொஞ்சம் கூட. பிளேட் வகையில் சாதாரண ஆயில் ஊற்றினால் கெடுதல். அதனால் பின் ஆக்ஸில் பற்றிக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை என்றால் எல்.எஸ். பக்கமே சாயுங்கள். கியர் வகைக்கு மாடிஃபையர் தேவையில்லை, பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஈட்டன் லாக்கருக்கு மேனுவலில் போட்டிருப்பது மட்டும். சொந்த யோசனையில் எதையும் சேர்க்காதீர்கள்.

மாற்றும்போது முதலில் மேலே உள்ள ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் நின்றால், கீழே ஆயிலை வடித்துவிட்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த சூட்டிலேயே வடியுங்கள். காந்தப் பிளக்கில் மை மாதிரிக் கரும் பசை இருந்தால் பயமில்லை. நகம் அளவு சில்லு இருந்தால் நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டும். வடிந்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்போது ஹவுசிங் மேல் உள்ள காற்றுப் போக்கியைப் பாருங்கள். உங்கள் ஊர்ச் செம்மண் அதை அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் கசிந்து, பிரேக் ஷூவில் ஆயில் போகும். புது ஆயில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு வழிய ஆரம்பிக்கும்வரை ஊற்றினால் போதும்.

ஊற்றியவுடன் அதிர்வு நிற்காது. பிளேட்டுகளுக்கு நடுவே பழைய ஆயில் இன்னும் இருக்கும். காலியான மைதானம் ஒன்றில் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து, மெதுவாக, எட்டுப் போடுங்கள். இடம் பத்து, வலம் பத்து. அப்புறம் ஒருமுறை குப்பனூர் பாதையிலோ அடிவாரப் பாதையிலோ மேலே போய் வாருங்கள். படிப்படியாகக் குறைந்தால் சரி. சில நூறு கிலோமீட்டர் ஓடியும் அப்படியே இருந்தால் பிளேட் கருகிப் பளபளப்பேறிவிட்டது, பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கும் முன் பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம்தானா என்றும் பாருங்கள். ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் நேர் ரோட்டிலும் பிளேட் ஓயாமல் வழுக்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும், எந்த ஆயிலும் அதைக் காப்பாற்றாது.

முன் ஆக்ஸில் உங்கள் வண்டியில் சாதாரண வகையாகத்தான் இருக்கும். அதற்கு வழக்கமான ஜி.எல்-5 90 போதும். வடித்த பழைய ஆயிலைக் காபிச் செடி ஓரமோ ஓடையிலோ கொட்டாமல் கேனில் பிடித்து, சேலம் வரும்போது பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஹவுசிங்கைத் துடைத்து, ஊற்றும் பிளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் 'எல்.எஸ். ஆயில் மட்டும்' என்று பெரிதாக எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். அடுத்த சர்வீஸில் வண்டிக்கு அடியில் படுக்கும் பையன் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கட்டும்.